கையில் ஒட்டாத வெள்ளை

பெயிண்டுக்கு முன்னால் சுவரைச் சமமாக்கப் பட்டி இழுக்கிற வேலைக்குப் போகிற எவனும் முதலில் செய்வது சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான். கையில் வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பட்டி இழுக்க வேண்டும். ஒட்டாவிட்டால் நேராக ஆரம்பித்துவிடலாம். திருப்பூரில் ஒருவன் எனக்கு இதைச் சொன்னான். எர்ணாகுளத்தில் இன்னொருவன் சொன்னான். ஹூப்ளியில் பாஷை தெரியாத ஒருவன் என் கையைப் பிடித்துச் சுவரில் தேய்த்தே காட்டினான். மூன்று ஊரிலும் அது பொய்த்ததில்லை. பாளையங்கோட்டையில் பொய்த்தது.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிற வீடு. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் கிளம்பியவன், அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரே ஜன்னலை ரொம்ப நாள் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். கிளம்பிவிடுவேன். பெயிண்ட் வேலையும் பட்டி வேலையும் எந்த ஊரிலும் கிடைக்கிற வேலை என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருந்தபோதுதான் டீச்சர் என்னைப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் வீடு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளை நாங்குநேரியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள் வரவில்லை. காரணம் சுவர்.

சம்பந்தி அம்மாள் ஒருமுறை வந்து, பிள்ளை பெற்றுப் படுக்கப்போகிற உள்ளறையைப் பார்த்திருக்கிறார். மூலையில் கறுப்புப் பூத்திருந்தது. "பச்சப்பிள்ளைக்கு இழுப்பு வந்துரும். செவரச் சரி பண்ணுங்க, அப்புறம் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருமகன் துபாயில். மாமியாரும் மருமகளும் மட்டும் ஒரே வீட்டில். எட்டாம் மாதம் ஆகிவிட்டது. ஒன்பது பிறந்தால் அங்கிருந்து அசைக்க மாட்டார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும்.

இதில் இன்னொரு முடிச்சு. கர்ப்பிணி வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆணி அடிக்கக் கூடாது, சுவரைக் கொத்தக் கூடாது, பூசக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிறதுதான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டிலும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க நம்புறதில்ல தம்பி. ஆனா நம்பாம இருந்து எதுக்கு வம்பு?" என்றார் டீச்சர்.

ஆக, அவள் வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். வேலை முடியாமல் அவள் வர முடியாது. நான் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கையில் ஒரு துளி ஒட்டவில்லை. கறுப்பை மட்டும் கழுவி எடுத்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சிரலாம் டீச்சர்" என்றேன்.

எனக்கும் அவசரம் இருந்தது. வாழைத்தார் லாரி ஓட்டுகிற கூட்டாளி ஒருவன் கொல்லத்துக்குப் போகும்போது என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அங்கே கடலோரத்தில் ஏதோ பெரிய கட்டடம், ஆள் எடுக்கிறார்கள். பட்டியை இழுத்துவிட்டு அந்த லாரியில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் நாள் காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். குடையை எடுத்தார், கைப்பையை எடுத்தார், வெளியே போய்க் கதவை இழுத்துப் பூட்டினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"டீச்சர், நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும் தம்பி. கோவிச்சுக்கிடாத. முந்தி ஒருத்தன் வந்தான், டீ குடிச்சிட்டு வாரேன்னு போனான். இன்னும் குடிச்சி முடிக்கல போல. சாப்பாடு மேசையில இருக்கு, கக்கூஸ் பின்னால இருக்கு, ஃபேனப் போட்டுக்கோ. மனுசனுக்கு வேற என்ன வேணும்?"

"கதவு வேணும் டீச்சர்."

"அது நாலு மணிக்கு வரும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்.

பின்பக்கம் கக்கூஸை ஒட்டி ஒரு சின்ன வராந்தா. கம்பிக்கதவு போட்டு அதிலும் ஒரு பூட்டுத் தொங்கியது. இரவு நான் படுத்ததும் அந்த வராந்தாவில்தான். திருட்டுப் பயமாம். நான் லாட்ஜில் பத்துப் பேரோடு படுத்திருக்கிறேன், பாலத்தடியில் படுத்திருக்கிறேன், ஓடுகிற லாரியில் தார்களுக்கு மேல் படுத்திருக்கிறேன். கம்பிக்குப் பின்னால் படுத்தது அதுதான் முதல்முறை. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பழைய காலத்துக் கம்பி, அசையவில்லை.

சரி, வேலையில் இறங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கை பட்டி இழுத்ததும் அறை பால் மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் டீச்சர் வந்து விளக்கைப் போட்டு நாலு சுவரையும் பார்த்தார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"எம்மா, செவரு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுட்டி. பால் மாதிரி இருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்போ அத்தைட்ட சொல்லட்டா? இன்னைக்கே சொல்லட்டா?"

அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களின் குரல் அது.

"நாளைக்குக் காலைல காஞ்சிரட்டும். அப்புறம் சொல்லு" என்றார் டீச்சர்.

காலையில் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே சுவர் அப்பம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் தொட்டேன். உள்ளே காற்று. நகத்தால் கீறினேன். உள்ளங்கை அகலத்துக்குத் தகடாகக் கழன்று கையில் வந்தது. திருப்பிப் பார்த்தால் முதுகில் பழைய வெள்ளை ஒட்டியிருந்தது. பட்டி சுவரைப் பிடிக்காமல் விழவில்லை. சுவரிலிருந்த வெள்ளையை நன்றாகப் பிடித்துக்கொண்டு, அதையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்திருந்தது.

அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் புதுப் பட்டி வைத்தேன். அது நின்றது. ஆனால் அந்த ஈரம் பட்ட இடமெல்லாம், ஒட்டுப்போட்டதைச் சுற்றி வளையமாக, மத்தியானத்துக்குள் எழும்பியது. வளையத்தைச் சுரண்டி அதற்குப் பட்டி வைத்தேன். அதைச் சுற்றி இன்னொரு வளையம். சாயங்காலம் டீச்சர் வரும் நேரத்துக்கு எல்லாம் சமமாகிப் பளிச்சென்று இருக்கும். காலையில் வேறெங்காவது உப்பியிருக்கும். அந்த அறையில் நான் மாட்டிக்கொண்டது பூட்டினால் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஓடிப்போக எனக்குத் தெரியும். எத்தனையோ இடத்திலிருந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் சுவர் முடிந்துவிட்டது போலவே இருந்ததுதான் வினை. முடிந்த வேலையை விட்டுவிட்டு யார் ஓடுவார்கள்? விடிந்தால் வெளியே போய்விடலாம் என்று படுப்பேன். விடிந்தால் அப்பம்.

பட்டிக்குக் குழைக்கிற வெள்ளைச் சிமெண்டில் குறையா என்று வேறு மூட்டை வாங்கிவரச் சொன்னேன். தண்ணீரைக் குறைத்துக் குழைத்தேன், கூட்டிக் குழைத்தேன். ப்ரைமர் அடித்துவிட்டு அதன்மேல் இழுத்தேன். அதையும் சேர்த்துத் தூக்கியது. பிறகு சுவரோடு பேச ஆரம்பித்தேன். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சத்தம், ஆட்டோ சத்தம், பத்து மணிக்கு மீன்காரர் சைக்கிள் ஹாரன். எல்லாம் ஜன்னல் கம்பி வழியாக வந்து போகும். நான் போக முடியாது.

ஒருநாள் கூட்டாளி கூப்பிட்டான்.

"ஏலே, லோடு ஏத்தியாச்சு. எங்கன நிக்க?"

"பாளையங்கோட்டையில உள்ள இருக்கேன்ல."

"உள்ளயா? அட பாவி, யாரலே அடிச்ச?"

"ஜெயில் இல்லலே. ஒரு டீச்சர் வீடு. பூட்டிட்டுப் போயிருக்காவ."

"அது அதவிட மோசம்லா. ஜெயில்னா மனு குடுத்துப் பாக்கலாம். சரிலே, நான் வண்டிய எடுக்கேன். நீ பரிச்ச எழுதி பாஸாயிட்டு வா."

லாரி போய்விட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மின்விசிறிக் காற்றில் ஒரு தகடு ஓரம் மடங்கி, மெதுவாக அசைந்து, விழுந்தது.

சாயங்காலம் டீச்சரும் அதைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் வரும் நேரத்தில் சுவர் சமமாக இல்லை. நான் சரிசெய்திருக்கவில்லை. தரையில் கிடந்த தகட்டைக் குனிந்து எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது இந்தச் செவரு ஒரு துளி உதிர்ந்ததில்லியே தம்பி" என்றார். என்னைக் குறை சொல்லும் குரல் இல்லை. அலுப்பு. "வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அவருதான் வெள்ளையடிப்பாரு. வடிகஞ்சியும் வச்சிரமும் கலந்துதான் அடிப்பாரு. பிள்ளைகள்லாம் புதுத்துணி போட்டுட்டு வந்து செவத்துல சாயும்லா? ஒருத்தர் சட்டையிலயும் ஒட்டாது."

வச்சிரம் என்பது தச்சர்கள் பலகை ஒட்டுவதற்குக் காய்ச்சுகிற பசை. நான் எழுந்து நின்றேன்.

"எல்லா வருசமுமா டீச்சர்?"

"எல்லா வருசமும். அவருக்கு முன்ன அவுக அப்பா. இந்தத் தெருவே அப்படித்தான அடிக்கும். கிறிஸ்மஸ் ஆராதனையில பாரு, யாரு முதுகுலயும் வெள்ள இருக்காது."

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு சித்திரை வரை எல்லார் முதுகிலும் ஒட்டும். யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. புதுச்சட்டை என்றால் அதில் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும். இந்தத் தெருவில் அது ஒட்டக்கூடாது என்று வருடம் தவறாமல் பசை போட்டு அடித்திருக்கிறார்கள். சுரண்டாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும். உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் ஒன்றும் வராது. ஈரப் பட்டியை அதன்மேல் இழுத்தால் உள்ளே இருக்கிற கஞ்சியும் பசையும் ஊறி இளகிவிடும். பட்டி காயும்போது சுருங்கி இழுக்கும், இளகினதெல்லாம் கூடவே வரும். கூரை வரைக்கும் கிறிஸ்மஸ் வெள்ளைதான்.

"மொத்தத்தையும் சுரண்டி எடுக்கணும் டீச்சர்" என்றேன். "அடிச் செவரு தெரியுற வரைக்கும்."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். போன் அடித்தது. மகள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுத்தார்.

"எம்மா, காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டே இருக்குட்டி."

"அத்தைக்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். பால் மாதிரி இருக்காம்னு சொன்னேன். அப்போ எதுக்கு உங்க அம்மா வந்து கூப்பிடலன்னு கேக்குதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து சுரண்டல். தண்ணீர் அடித்து ஊறவைத்து, சுரண்டியால் கீழிருந்து மேலே தள்ளினால் பாய் மாதிரி உரிந்து வந்தது. வெள்ளை, அதற்குக் கீழே நீலம் கலந்த வெள்ளை, திரும்ப வெள்ளை, எந்த வருடமோ ஆசைப்பட்டு அடித்த ரோஸ். அடியில் பழைய சுண்ணாம்புக் காரை, பழுப்பாக, கெட்டியாக. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு தண்ணீரைக் குடித்த சுவர் காய நாளாகும். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அறை முழுக்க ஈரக்குவியல். என் தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. அப்படி நிற்கும்போதுதான் ஒருநாள் முன்கதவைத் தட்டுகிற சத்தம். டீச்சர் தட்ட மாட்டார். ஹாலுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். வெளியே குடை பிடித்தபடி ஒரு பருத்த அம்மாள். பின்னால், வயிற்றில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக ஒரு பெண். சொல்லாமலே தெரிந்தது யாரென்று.

"யாருப்பா அது, பேய் மாதிரி?" என்றார் சம்பந்தி அம்மாள்.

"பட்டி பாக்க வந்த ஆளும்மா."

"கதவத் தொற. ஸ்கேன் எடுக்க வந்தோம், அப்படியே செவத்தப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தோம்."

"சாவி டீச்சர்ட்ட இருக்கும்மா."

"ஒன்ன உள்ள வச்சிப் பூட்டிட்டா போயிருக்காவ?"

"ஆமாம்மா."

"எதுக்கு, கடிப்பியோ?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் சிரமப்பட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஓடிருவாவன்னு பூட்டியிருப்பாவ அத்தை. எம்மாவப் பத்தித் தெரியாதா? எனக்கும் பரிச்ச நேரத்துல இப்படித்தான்." பிறகு என்னிடம், "அண்ணே, பின்னால வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தாள்.

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வாயைத் திறந்துகொண்டது.

"நான் பத்தாவது படிக்கும்போதே இது செத்துட்டுண்ணே. எம்மாவுக்குத் தெரியாது. சொல்லிராதிய."

அத்தனை இரவும் அந்தப் பூட்டுக்கு ஒரு முழத்தில் படுத்திருக்கிறேன். கம்பியை எல்லாம் ஆட்டிப் பார்த்தவன் பூட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. பூட்டு என்றால் பூட்டியிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்க வருகிறவள் கொண்டுவருகிற பை இல்லை அது. ஒரு மாதத்துக்குத் துணி வைக்கலாம்.

பின்னாலேயே வந்த சம்பந்தி அம்மாள் உள்ளறை வாசலில் நின்றார்.

"இது என்ன கோலம்? பால் மாதிரி இருக்குன்னாவ?"

தோலுரித்த ஆடு மாதிரி இருந்தது அறை.

"இந்த எடத்துல எம் பேரப்பிள்ளையப் போட முடியுமா? வா தாயி, பஸ்ஸுக்குப் போவோம். இவன் எல்லாத்தையும் முடிக்கட்டும், பொறவு பாப்போம்."

மகள் அசையவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, எத்தன நாள் ஆவும்?"

வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேர் நான் சொல்லப்போகிற பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றால் அவள் அத்தையோடு நாங்குநேரிக்குப் போக வேண்டும். எல்லா வீட்டிலும் நான் சொல்கிற பதில் அதுதான். எனக்கு வாயில் வந்ததும் அதுதான். அவள் தோளில் கிடந்த பையை இன்னொரு தடவை பார்த்தேன்.

"செவரு நல்லாக் காயணும். அவசரப்பட்டா திரும்பவும் விழும். ஒரு மாசத்துக்குக் கொறையாது" என்றேன்.

"ஒரு மாசமா?" சம்பந்தி அம்மாள் விரலை மடக்கினார். "அதுக்குள்ள ஒம்பதாயிருமே."

"அப்போ நான் வரல அத்தை" என்றாள் மகள். ஹால் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் உட்கார்ந்தாள், ஆனால் எழுந்திருக்கப் போகிறவள் உட்காருகிற மாதிரி இல்லை. "நான் உள்ள வந்தாச்சு. இனிமே செவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"அது எப்படி? வேலய முடிக்காண்டாமா?"

"நான் இருக்கும்போது எப்படிக் கொத்துவாவ? போன மாசம் அடுக்களையில பலகை தொங்கிட்டுக் கெடந்துச்சி, ஒரு ஆணி அடிக்க விட்டியளா நீங்க?"

"அது அங்க."

"இங்க வந்தா மட்டும் வேற பிள்ளையா ஆயிருமா?"

அந்த விதியைக் கடைப்பிடித்தவர் சம்பந்தி அம்மாள்தான். அதை அவர் கையிலிருந்து வாங்கி அவர் முன்னாலேயே மருமகள் வைத்துவிட்டாள். வெளியே குடைக்குக் கீழே நின்றிருந்தவரைவிட இந்த அம்மாள் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார். மருமகளின் வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு என்மேல் திரும்பினார்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? அந்த ரூமச் சாத்து. தண்ணி எடு. ஹால்ல ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே முன்னால் நின்றார். நான் உள்ளறைக் கட்டிலை ஹாலுக்கு இழுத்தேன். இழுக்கக் கூடாது, தூக்கு என்றார். தூக்கினேன். கழுவினேன், துடைத்தேன், திரும்பத் துடைத்தேன். என்னைப் பின்பக்கம் அனுப்பிக் குளித்துவிட்டு வரச் சொல்லி, அதற்குப் பிறகு இன்னொரு தடவை துடைக்கச் சொன்னார். உள்ளறைக் கதவின் இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தார். அதற்குள் மகள் கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாயும்போது இருந்த அதே நிலையில், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல். சம்பந்தி அம்மாள் அந்தச் செருப்பைக் கழற்றி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சம்பந்திகிட்டச் சொல்லு" என்று குடையை எடுத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். "உள்ளதச் சொல்லியிருந்தா நானே ஹால்ல படுக்க வைங்கன்னு சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. பின்வாசல் வழியாகத் தனியாகப் போனார். தெருமுனை வரை போய் ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

டீச்சர் வந்து முன்கதவைத் திறந்தபோது நான் என் சாமான்களை ஒரு வாளியில் எடுத்துவைத்திருந்தேன். "செவரு..." என்று ஆரம்பித்தவர், செருப்பைப் பார்த்தார். அப்படியே நின்றார். கட்டிலைப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் மார்போடு பிடித்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மகளின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துவிட்டார். எப்படி வந்தாள், யார் திறந்தார்கள், சுவர் என்ன ஆயிற்று, எதையும் கேட்கவில்லை.

"நான் கெளம்புதேன் டீச்சர்" என்றேன்.

"பைய, பைய. பிள்ள முழிச்சிரும்" என்று கையை ஆட்டினார்.

சுரண்டியும் கரண்டியும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாமல் இருக்க, வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹாலைக் கடந்தேன்.